பீரோவில் கிடைச்ச கேமரா... அவலாஞ்சியில் ஒரு நாள்!

மொதல்ல ஒரு சின்ன வேலை பண்ணுங்க பாஸ். உங்க வீட்டு பீரோவுல கீழ்த்தட்டு இருக்கும் பாருங்க... பழைய சார்ஜர், கல்யாணப் பத்திரிகை, செத்துப்போன நோக்கியா, எல்.ஐ.சி. ரசீது எல்லாம் கிடக்குமே, அங்கே கையை விட்டுத் துழாவுங்க. குட்டியா ஒரு கறுப்புப் பை தட்டுப்பட்டா, நீங்க அதிர்ஷ்டசாலி. உள்ளே ஒரு டிஜிட்டல் கேமரா தூங்கிட்டு இருக்கும்.

எனக்குத் தட்டுப்பட்டது மேட்டுப்பாளையத்தில், சித்தப்பா வீட்டு பீரோவில். கேனான் பவர்ஷாட் ஏ590 ஐஎஸ். 2008-ல் வந்த மாடல். 8 மெகாபிக்சல், 4 மடங்கு ஜூம், சுவர்க் கடிகாரத்துல போடுற பென்சில் செல் ரெண்டு போட்டா ஓடும். சித்தப்பா அதை வாங்கினது 2009-ல். அப்போ எனக்கு நாலு வயசு.

''எடுத்துக்க கண்ணு, இங்க சும்மாதான கெடக்குது'' என்றார். அவ்வளவுதான். அடுத்த சனிக்கிழமையே ரெண்டு ஃப்ரெண்ட்ஸோட அவலாஞ்சிக்குக் கிளம்பிட்டேன். அந்த ஒரு நாள்ல கேமராவைப் பத்திக் கத்துக்கிட்டதை எல்லாம் உங்களுக்குச் சொல்லப்போறேன். கூடவே ஒரு பெரிய தப்பும் பண்ணினேன். அதை அது வர்ற இடத்துல சொல்றேன்.

'கையில 50 மெகாபிக்சல் போன் இருக்கு, இது எதுக்குடா?'னு நீங்க கேட்பீங்க. என் ரூம்மேட்டும் அதைத்தான் கேட்டான். ஆனா இப்போ எந்தக் காலேஜ் கல்ச்சுரல்ஸுக்குப் போனாலும் ரெண்டு பேர் கையிலயாவது இந்தச் சோப்பு டப்பா கேமரா தொங்குது. கணக்கும் அதையேதான் சொல்லுது. 2010-ல் உலகம் முழுக்க 12 கோடிக்கும் மேல் டிஜிட்டல் கேமராக்கள் விற்பனைக்குப் போச்சு. அதில் பத்துக் கோடிக்கு மேல் இந்தக் குட்டி காம்பாக்ட் வகை. அப்புறம் போன் வந்து எல்லாத்தையும் சாப்பிட்டது. 2023-ல் காம்பாக்ட் வெறும் 17 லட்சம்! ஆனா 2024-ல் அது 19 லட்சத்தை நெருங்கி, திரும்ப ஏற ஆரம்பிச்சிருக்கு. காரணம் நம்ம வயசுக் கூட்டம்தான்.

பழைய கேமராவுல இருக்கிற சி.சி.டி. சென்சாருக்கு ஏதோ மந்திரக் கலர் இருக்குன்னு ஒரு கூட்டம் சத்தியம் பண்ணுது. அந்த சி.சி.டி.யை 1969-ல் பெல் லேப்ஸில் வில்லார்ட் பாயிலும் ஜார்ஜ் ஸ்மித்தும் கண்டுபிடிச்சாங்க. அதுக்கு இயற்பியல் நோபல் பரிசு கிடைச்சது, எங்க சித்தப்பா கேமரா வாங்கின அதே 2009-ல்! ஆனா மந்திரம் எல்லாம் இல்லைங்க. போன் ஒரு க்ளிக்குக்குப் பல படங்களை எடுத்து ஒட்டி, நிழலை ஏத்தி, வானத்தை இறக்கி, முகத்தை வழவழப்பாக்கித் தருது. இந்தக் கேமராவுக்கு அவ்வளவு மூளை கிடையாது. ஒரு தடவை திறந்து மூடுற நேரத்தில் என்ன வெளிச்சம் விழுந்துச்சோ அதைத்தான் தரும். இருட்டா இருந்தா இருட்டு, வெளுத்தா வெளுப்பு. நமக்குப் பிடிச்சிருக்கிறது அந்த மூளைக் குறைச்சல்தான்னு நினைக்கிறேன்.

பீரோவுல கிடைக்காதவங்க பழைய கேமரா வாங்கும்போது கார்டைக் கவனிங்க. எக்ஸ்-டி கார்டு, மெமரி ஸ்டிக் கேட்கிற மாடல்னா கார்டு தேடியே பாதி செமஸ்டர் போயிடும். எஸ்.டி. கார்டுன்னா நல்லது. அதிலேயும் ரொம்பப் பழைய மாடல்கள் 2 ஜி.பி.க்கு மேல ஏத்துக்காது. 2006-ல் வந்த எஸ்.டி.ஹெச்.சி. வகைக்குப் பழகின மாடல்கள் 32 ஜி.பி. வரைக்கும் சாப்பிடும். இன்னிக்கு கடையில கிடைக்கிற 64, 128 எல்லாம் அதுக்குப் புரியாது. நான் முதல்ல வாங்கிட்டுப் போனது 64! கேமரா அதை ஏத்துக்கவே இல்லை. அதனாலதான் உள்ளே ஏற்கெனவே இருந்த சித்தப்பாவோட 2 ஜி.பி. கார்டையே திரும்பப் போட்டேன். இதை ஞாபகம் வெச்சுக்கங்க.

அடுத்தது செல். மேட்டுப்பாளையம் பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு கடையில பேர் தெரியாத செல் நாலு வாங்கினேன். பர்லியார் தாண்டறதுக்குள்ள பதினோரு படம்... அவ்வளவுதான், திரை அணைஞ்சிடுச்சு. லென்ஸை வெளியே நீட்டவும் ஃப்ளாஷுக்குச் சார்ஜ் ஏத்தவும் ஒரே நேரத்துல நிறைய கரன்ட் வேணும். சும்மா கடிகார முள்ளை நகர்த்துற செல்லால அது முடியாது. ரீசார்ஜ் பண்ற நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு செல்தான் இதுக்குச் சரி. நல்லவேளை, ஃப்ரெண்ட் ஒருத்தன் ரோபோட்டிக்ஸ் ப்ராஜெக்டுக்கு வாங்கின செல் நாலு பைக்குள்ள வெச்சிருந்தான். டிபார்ட்மென்ட் வாழ்க!

ஊட்டியில் இறங்கினதும் ஒரு விஷயம் நினைவுக்கு வந்தது. கேமராவுக்கும் இந்த ஊருக்கும் பழைய உறவு உண்டு. இந்தியாவுக்கான ஃபிலிம் ரோல் இங்கேதான் தயாரானது. 'ஹிந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ்'னு மத்திய அரசு கம்பெனி, 1960-ல் தொடங்கி, 1967-லிருந்து உற்பத்தி. 'இந்து'ங்கிற பேர்ல கறுப்பு-வெள்ளை ஃபிலிம், ஆஸ்பத்திரிக்கு எக்ஸ்-ரே ஃபிலிம், பிரின்ட் போடுற பேப்பர்னு எல்லாம் செஞ்சாங்க. ஃபேக்டரி இருந்த இடத்துக்கே இந்து நகர்னு பேர். கடன் ஒரு பக்கம், டிஜிட்டல் ஒரு பக்கம்னு நெருக்கி, அதை மூடியாச்சு. ஃபிலிமை விழுங்கின டிஜிட்டல் கேமராவை போன் விழுங்க, அந்தக் கேமராவைத் தூசி தட்டி எடுத்துக்கிட்டு நாங்க அதே ஊட்டி பஸ் ஸ்டாண்டில் வர்க்கி தின்னுட்டு நிக்கிறோம்!

ஊட்டியிலிருந்து அவலாஞ்சி கிட்டத்தட்ட 28 கிலோமீட்டர். எமரால்டு போற பஸ் இருக்கு, அவலாஞ்சி வரைக்கும் போறது குறைச்சல். திரும்பி வர்ற பஸ்ஸோட நேரத்தை ஏறும்போதே கண்டக்டர்கிட்ட கேட்டு வெச்சுக்கங்க. 2024 மே மாசத்திலிருந்து நீலகிரிக்குச் சொந்த வண்டியில் போனா இ-பாஸ் எடுக்கணும். பஸ்ஸுல போறவங்களுக்கு அந்தத் தொல்லை இல்லை. பிளாஸ்டிக் பாட்டிலுக்கு மாவட்டத்துல தடை. ஸ்டீல் பாட்டில் எடுத்துட்டுப் போங்க.

இந்த ரோடு எங்க வீட்டுல எல்லாருக்கும் தெரிஞ்ச ரோடு, என்னைத் தவிர. எங்க தாத்தா லாரி டிரைவர். முத்தோரை பாலாடா, எமரால்டு பக்கமெல்லாம் கேரட், உருளைக்கிழங்கு, பீட்ரூட் ஏத்திக்கிட்டு மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறக்குவார். வருஷக்கணக்குல அதே வேலை. பஸ் பாலாடாவைத் தாண்டும்போது பார்த்தேன்... ரெண்டு பக்கமும் பள்ளத்தாக்கு முழுக்கப் படிக்கட்டு வெட்டின மாதிரி தோட்டம். ஓடை ஓரமா, கழுவின கேரட் மூட்டை மூட்டையா ஆரஞ்சு கலர்ல பளபளன்னு. ஜன்னல் வழியா ஒண்ணு தட்டினேன். கேமரா 'பீப்' சொல்லி, யோசிச்சு, ஃபோகஸ் பண்ணி, 'க்ளிக்' சொல்றதுக்குள்ள கேரட் போயி, ஒரு கரன்ட் கம்பம்தான் விழுந்தது.

இதுதான் முதல் பாடம். போன் மாதிரி தட்டினதும் எடுக்காது. பட்டனைப் பாதி அழுத்திப் பிடிங்க. கேமரா ஃபோகஸும் வெளிச்சமும் பார்த்து பச்சைக் கட்டம் காட்டும். அப்படியே விரலை எடுக்காம காத்திருங்க. நீங்க நினைச்ச ஆள் நினைச்ச இடத்துக்கு வந்ததும் மீதிப் பாதியை அழுத்துங்க. தாமதம் பாதிக்கு மேல காணாமப் போயிடும். இந்த ஒரு விஷயம் பழகவே எனக்கு எமரால்டு வரைக்கும் ஆச்சு.

அவலாஞ்சிங்கிற பேர் நம்ம ஊர்ப் பேர் மாதிரி ஒலிச்சாலும், அது இங்கிலீஷ் 'அவலாஞ்ச்'தான். 1823-ல் இங்கே பெரிய நிலச்சரிவு நடந்ததாகவும், அதிலிருந்துதான் பேர் வந்ததாகவும் சொல்றாங்க. மழை விஷயத்துல ஊர் இன்னும் பேரைக் காப்பாத்திக்கிட்டுதான் இருக்கு. 2019 ஆகஸ்ட் 8-ம் தேதி காலையோட முடிஞ்ச 24 மணி நேரத்துல இங்கே பெய்ஞ்சது 82 சென்டிமீட்டர்! சென்னைக்கு ஒரு முழு வருஷத்துக்கே சராசரி 140 சென்டிமீட்டர்தான். ஆகஸ்ட் பக்கம் போக நினைக்காதீங்க. போனாலும் காட்டுக்குள்ள விடமாட்டாங்க.

அணை, கனடா உதவியோட 1950-களில் தொடங்கின குந்தா நீர்மின் திட்டத்தோட ஒரு துண்டு. அவலாஞ்சி, எமரால்டு ரெண்டு ஏரியும் ஒண்ணோட ஒண்ணு சேர்ந்தது. பக்கத்துல 1907-ல் ஆரம்பிச்ச டிரவுட் மீன் பண்ணை. குளிர்ந்த தண்ணியில மட்டும் வாழுற அந்த மீனை வெள்ளைக்காரங்க தூண்டில் போடுறதுக்காகவே கொண்டுவந்து விட்டாங்க. ஊரைச் சுத்தி இருக்கிற யூக்கலிப்டஸ், சீகை மரம் எல்லாமும் அப்படி வந்ததுதான். இந்த மலையோட சொந்தச் சொத்துன்னா புல்வெளியும், அதோட மடிப்புல ஒளிஞ்சிருக்கிற சோலைக்காடும்தான். அதைப் பார்க்கணும்னா உள்ளே போகணும். சொந்த வண்டி விடமாட்டாங்க. வனத்துறை வேன்ல டிக்கெட் எடுத்துதான் போகணும்.

அந்த வேனுக்காக வரிசையில நிக்கும்போதுதான் நடந்தது. கேமரா திரையில 'மெமரி கார்டு ஃபுல்'. பீரோவுல இருந்த கார்டாச்சே, சித்தப்பா எடுத்த படங்கள் அறுநூறுக்குப் பக்கம் உள்ளே இருந்துச்சு. கடைசியிலிருந்து அஞ்சாறு தள்ளிப் பார்த்தேன். யாரோ கல்யாணம், யாரோ ஆபீஸ் மேஜை, ஒரு ஸ்கூட்டர். 2012-ன்னு தேதி. இதையெல்லாம் எப்பவோ கம்ப்யூட்டர்ல ஏத்தியிருப்பார்னு நானே முடிவு பண்ணிட்டேன். முன்னாடி வேன் வந்து நிக்குது, பின்னாடி ஆள் தள்ளுறான். மெனு... ஃபார்மட்... ஓகே. ரெண்டு செகண்ட். 'பழைய கேமரா வாங்கினா முதல் வேலையா கார்டை ஃபார்மட் பண்ணுங்க'ன்னு எல்லாரும் சொல்லுவாங்க இல்லையா? நானும் பெரிய கில்லாடி மாதிரி அதைச் செஞ்சு முடிச்சேன்.

சரி, வேன்ல ஏறுங்க. உள்ளே போனதும் பத்து நிமிஷத்துல பனிமூட்டம் இறங்கிடுச்சு. நல்ல பனி... பால் மாதிரி வெள்ளை. நானும் எடுத்தேன். படத்துல பார்த்தா சாம்பல்! அழுக்குத் துணியைத் தொங்கவிட்ட மாதிரி. திரும்ப எடுத்தேன். திரும்பச் சாம்பல். இப்படியே பதினாலு படம்.

ஏன்னா, கேமராவுக்குள்ள வெளிச்சத்தை அளக்கிற மீட்டருக்கு எதிர்ல என்ன இருக்குன்னு தெரியாது. எதைக் காட்டினாலும், 'இது நடுத்தரமான சாம்பல் நிறமாத்தான் இருக்கும்'னு நினைச்சு அதுக்கேத்த மாதிரி வெளிச்சத்தைக் குறைக்கும் இல்லை கூட்டும். வெள்ளைப் பனியைக் காட்டினா, 'ஐயோ வெளிச்சம் அதிகம்'னு குறைச்சிடும். நாமதான் சொல்லணும். மோடு சக்கரத்தை 'ஆட்டோ'விலிருந்து 'பி'க்குத் திருப்புங்க. ப்ளஸ்-மைனஸ் குறி போட்ட ஒரு அளவுகோல் கிடைக்கும். அதை ப்ளஸ் 1-க்குத் தள்ளுங்க. பனி வெள்ளையாயிடும்! கறுப்பு எருமையை எடுக்கும்போது இதே கதை தலைகீழ்: மைனஸ். வொயிட் பேலன்ஸை 'க்ளவுடி'க்கு மாத்தினா அந்த நீலம் பூசின சோகமும் போயிடும்.

ஃப்ளாஷை அணைச்சிடுங்க. இந்தக் குட்டி ஃப்ளாஷ் நாலு மீட்டர் கூடப் போகாது. போற கொஞ்ச தூரத்திலும் பனித்துளி மேல பட்டுத் திரும்பி வந்து, படம் முழுக்க வெள்ளை வெள்ளையா வட்டம் விழும். ஃப்ரெண்டோட அம்மா பார்த்தா 'ஆவி'ன்னு சொல்லுவாங்க. அப்படியே சத்தத்தையும் மெனுவுல போய் மியூட் பண்ணுங்க. காட்டுக்குள்ள 'பீப் பீப்'னு கத்தினா கருமந்தி நின்னு போஸ் குடுக்குமா?

சோலைக்குள்ள வேன் நின்ன இடத்துல பகல் பன்னிரண்டு மணிக்கு சாயங்காலம் மாதிரி இருட்டு. குட்டை குட்டையா, முறுக்கின மரங்கள். பட்டை தெரியாத அளவுக்குப் பாசி. ஆட்டோவுல விட்டா கேமரா ஐ.எஸ்.ஓ.வை ஏத்தும், படம் முழுக்க மணல் கொட்டின மாதிரி புள்ளி வரும். இந்த மாதிரி குட்டிச் சென்சாருக்கு 400-க்கு மேல போகாம இருக்கிறது நல்லது. அப்போ ஷட்டர் மெதுவாகும், கை ஆடும். ட்ரைபாட் தேவையில்லைங்க. கேமராவை பேக் மேலயோ, பாறை மேலயோ வெச்சு, ரெண்டு செகண்ட் டைமரைப் போட்டுட்டுக் கையை எடுத்துடுங்க. பூப்படம் போட்ட மேக்ரோ பட்டனை அழுத்தி ஒரு மரத்தோட பாசிக்கு அஞ்சு சென்டிமீட்டர் பக்கத்துல வெச்சு அப்படி எடுத்தேன். அந்த ஒரு படம்தான் அன்னிக்கு எடுத்ததுல உருப்படி. ஒவ்வொரு பாசி நுனியிலும் ஒரு தண்ணிச் சொட்டு, ஒவ்வொரு சொட்டுக்குள்ளயும் தலைகீழா ஒரு காடு.

டிஜிட்டல் ஜூமை மெனுவுல அணைச்சு வையுங்க, அது ஜூமே இல்லை, படத்தை வெட்டிப் பெரிசு பண்றது. குளிர்ல செல் சீக்கிரம் சோர்ந்துபோகும். கழட்டி ஜெர்கின் உள்பாக்கெட்டுல கொஞ்ச நேரம் சூடா வெச்சா இன்னும் சில படத்துக்கு உயிர் வரும். சில்லுனு இருக்கிற கேமராவை டீக்கடை அடுப்புப் பக்கம் எடுத்துட்டுப் போனா லென்ஸ் வேர்த்துடும். பைக்குள்ளயே பத்து நிமிஷம் இருக்க விடுங்க.

வேன் திரும்பும்போது ஜன்னல் வழியா ஒரு நிமிஷம் வீடியோ ஒண்ணும் எடுத்தேன். ஒரே ஆட்டம், ஒரு மண்ணும் தெரியலை. மொத்தம் 58 படம், ஒரு வீடியோ. பவானி அம்மன் கோயில் பக்கம் ஒரு நிமிஷம் பனி விலகி, கீழே ஏரி வெள்ளித் தட்டு மாதிரி தெரிஞ்சது. அதை எடுக்கலை. பார்த்துக்கிட்டே இருந்துட்டேன்.

ராத்திரி மேட்டுப்பாளையம் வந்து இறங்கினதும் சித்தப்பா போன்.

''கண்ணு, படமெல்லாம் நல்லா வந்துச்சா?''

''சூப்பரா வந்துச்சு சித்தப்பா.''

''ஏங்கண்ணு, அந்தக் கார்டுல பழசெல்லாம் பாத்தியா? கேமரா வாங்கினவுடனே மொதமொத அவலாஞ்சிக்குத்தான் போனோம். தாத்தன் ஏரிகிட்ட உன்னைத் தூக்கி வெச்சுக்கிட்டு நிக்கிறது எல்லாம் அதுலதான் கெடக்குது.''

எனக்குப் பேச்சு வரலை. ''கம்ப்யூட்டர்ல ஏத்தி வெச்சிருக்கீங்கல்ல?''ன்னு கேட்டேன்.

''வெச்சிருந்தேன். அந்த ஹார்டு டிஸ்க்கு போயி எட்டு வருசமாச்சு. கார்டுதான் பத்திரமா இருக்குதேன்னு விட்டுட்டேன்.''

தாத்தா இறந்தது 2010-ல். வீட்டுல மாலை போட்டுத் தொங்குறது, டிரைவிங் லைசென்ஸ் போட்டோவைப் பெரிசாக்கினது. முறைச்ச மாதிரி இருப்பார். நான் பார்த்த தாத்தா முகம் அது ஒண்ணுதான். நாலு வயசுல அவலாஞ்சிக்குப் போனதே எனக்கு அந்த போன்ல சொல்லித்தான் தெரியும்.

சித்தப்பாகிட்ட உண்மையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசலை. ''சரி, விடு சாமி. நீ சாப்பிட்டியா?''ன்னார். திட்டியிருக்கலாம்.

இப்போ சொல்றதைக் கவனமா படிங்க, உங்களுக்கும் ஒரு நாள் தேவைப்படும். ஃபார்மட் பண்ணினா படம் உடனே அழியாது. கார்டோட தொடக்கத்துல ஒரு அட்டவணை இருக்கும். எந்தப் படம் எங்கே ஆரம்பிச்சு எப்படித் தொடருதுன்னு புஸ்தகத்தோட பொருளடக்கம் மாதிரி. கேமரா சாதாரணமா ஃபார்மட் பண்ணும்போது அந்தப் பொருளடக்கத்தை மட்டும்தான் கிழிக்குது. பக்கங்கள் எல்லாம் அப்படியே இருக்கும். (மெனுவுல 'லோ லெவல் ஃபார்மட்'னு ஒரு கட்டம் இருக்கும். அதை டிக் பண்ணினா எல்லாத்தையும் துடைச்சிடும். நான் டிக் பண்ணலை.) ஆனா புதுப் படம் எடுத்தா, கேமரா 'காலிப் பக்கம்'னு நினைச்சு பழைய பக்கம் மேலயே எழுதிடும். அதனால இப்படி ஒரு தப்பு பண்ணிட்டா, அந்த நிமிஷமே எடுக்கிறதை நிறுத்துங்க. கார்டை வெளியே எடுத்து, ஓரத்துல இருக்கிற குட்டி லாக்கைத் தள்ளிடுங்க.

நான் நிறுத்தலை. 58 படம், ஒரு வீடியோ.

ஹாஸ்டல் வந்து 'ஃபோட்டோரெக்'னு ஒரு இலவச சாஃப்ட்வேரை லேப்டாப்புல போட்டேன். அது பொருளடக்கத்தைப் பார்க்காது. ஜேபெக் படம் எல்லாமே ஒரே மாதிரி பைட்டுகளோடதான் தொடங்கும். அந்தத் தொடக்கத்தைத் தேடிக் கார்டு முழுக்கத் துழாவி, கிடைச்சதை எல்லாம் வெளியே இழுக்கும். மீட்கிற படங்களை அதே கார்டுல சேமிச்சிடாதீங்க, லேப்டாப்புல ஒரு ஃபோல்டர் குடுங்க. ஒவ்வொண்ணா வர ஆரம்பிச்சது. கல்யாணம், ஸ்கூட்டர், ஆபீஸ் மேஜை... ஐந்நூறு தாண்டியாச்சு. தேதிவாரியா அடுக்கினேன்.

அவலாஞ்சி, 2009 மே. பன்னிரண்டே பன்னிரண்டு படம்.

படத்துக்குள்ளயே கேமரா, தேதி, வரிசை எண் எல்லாம் எக்சிஃப்னு ஒளிஞ்சிருக்கும். அதைத் திறந்து பார்த்தேன். பன்னிரண்டுல முதல் படத்தோட எண் 97. கடைசி 108. அதாவது புதுக் கார்டுல முதல் படத்திலிருந்து 96 வரைக்கும் காணோம். கணக்குப் போட்டேன், அதுக்குத்தானே படிக்கிறோம். ஒரு படம் சுமார் 3 எம்.பி. என் 58 படம் சுமார் 175 எம்.பி. அந்த ஒரு நிமிஷ வீடியோ 115. கூட்டினா 290. வகுத்தா தொண்ணூத்தாறு, தொண்ணூத்தேழு. காலியான கார்டுல கேமரா முதல் பக்கத்திலிருந்துதான் எழுதும். முதல் பக்கத்துல இருந்தவர் தாத்தா. அந்தச் சாம்பல் பனியை நான் பதினாலு தடவை எடுத்தேனே, அது பதினாலு படம். ஒண்ணுமே தெரியாத அந்த வீடியோ மட்டும் முப்பத்தெட்டு.

மிஞ்சின பன்னிரண்டுல ஏரிக்கரை இல்லை. எல்லாம் திரும்பி வர்ற வழி, சாயங்காலம் நாலு மணிக்கு மேல. மூணு படம் வெறும் பனி. சித்தப்பாவும் ஆட்டோவுல வெச்சு எடுத்திருக்கார், அதே அழுக்குச் சாம்பல்! நாலு படம் எமரால்டு பக்கம் ஏதோ டீக்கடை. தாத்தா மஃப்ளர் கட்டிக்கிட்டு, டம்ளரை ரெண்டு கையாலும் பிடிச்சு ஊதறார். ஒண்ணுல யாரோ லோடுமேன்கூடப் பேசிச் சிரிக்கிறார். முன்பல் ஒண்ணு இல்லை. லைசென்ஸ் போட்டோவுல அது தெரியாது.

107-ம் எண் படம் கோணலா இருக்கு. அடிவானம் சரிஞ்சு, வலது மூலையில பெரிசா ஒரு விரல் மறைச்சிருக்கு. நடுவுல சித்தப்பா, அவர் தோள் மேல குல்லா போட்ட நான், வாயில பன். சித்தப்பா படத்துல இருக்கார்னா கேமரா யார் கையில இருந்ததுன்னு போன் பண்ணிக் கேட்டேன்.

''தாத்தன்தான் எடுத்தாரு. 'எப்படிடா அமுக்கறது'ன்னு கேட்டுக்கேட்டு எடுத்தாரு.''

பன்னிரண்டையும் பென் டிரைவ்ல போட்டு, பெரிய பிரின்டும் போட்டுத் தர்றேன்னு சொன்னேன். டீ டம்ளர் படத்தைத்தான் கேட்பார்னு நினைச்சேன். ''அந்த வெரல் மறைச்ச படத்தைப் போட்டுக் குடு கண்ணு, அது போதும்''னார்.

பழைய கார்டை லாக் பண்ணி ஒரு கவர்ல போட்டு, மேல '2009 தொடாதே'ன்னு எழுதி வெச்சிருக்கேன். கேமராவுக்கு 16 ஜி.பி.யில் வேற கார்டு வாங்கியாச்சு. மழை விட்டதும் டிசம்பர்ல திரும்ப அவலாஞ்சி போறோம், இந்தத் தடவை சித்தப்பாவும் வர்றார். செல் மட்டும் அவர் வாங்கிட்டு வரக்கூடாதுன்னு சொல்லியிருக்கேன்.